ஆரத்தி சிவக்காத நாள்

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மா எழுதுகிறேன். நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். இந்த வருஷம் ஏரி நிறைந்திருக்கிறது, நடவும் முடிந்துவிட்டது. போன வாரம் உன் மாமன் ஆள் அனுப்பியிருந்தான். தை பிறந்ததும் உனக்கும் அவன் மகள் சரோஜாவுக்கும் கல்யாணம் என்றும், முதல் நலங்கு என் கையால்தான் வைக்க வேண்டும் என்று நீ பிடிவாதமாக இருக்கிறாய் என்றும் அந்த ஆள் சொன்னார். சாப்பாடு போட்டு அனுப்பினேன். அவர் போன பிறகு உன் நைனா, "இன்னா சொல்லப் போற?" என்று கேட்டார். எழுதுகிறேன் என்றேன். ஐந்தாவது வரை படித்த படிப்பு இதற்காவது உதவட்டும். இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. உத்திரமேரூர் பஸ் ஏறுகிறவர் யார் கையிலாவது மடித்துக் கொடுத்தனுப்புவேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குச் சம்மதம்தான். இதில் இருப்பது ஊருக்கே தெரிந்த விஷயம். நீ ஒருவன்தான் என் வாயால் இதை முழுசாகக் கேட்டதில்லை.

நலங்கு என்றால் மஞ்சள். அதனால் மஞ்சளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ இரண்டாவது படிக்கும்போது ஏரி வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்தது. சேற்றுக்குள் கிடந்த ஓட்டுச்சில் உன் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. உன் நைனா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். கால் முழுக்க ரத்தம். நீயோ பிடித்த குறவை மீனைக் கையிலிருந்து விடாமல் அழுதுகொண்டிருந்தாய். காயத்தை வெந்நீரில் கழுவி, நல்லெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துச் சூடுகாட்டி, ஆறவிட்டுக் கட்டினேன். மறுநாள் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசியும் போட்டோம். மஞ்சளை நம்புகிறவள் ஊசியை நம்பக்கூடாது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உனக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தபோது, மஞ்சளை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டால் போதும் என்று சொன்னவர்களைத் தள்ளிவிட்டு, வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். மஞ்சளுக்கு ஒரு எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லைக்குள் அது நம் வீட்டுக்குச் செய்தது கொஞ்சமில்லை. மார்கழியில் உனக்கு இருமல் வந்தால் பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப் போட்டுக் காய்ச்சித் தருவேன். மூக்கை அடைத்துக்கொண்டால் விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு அந்தப் புகையைக் காட்டுவேன். உன் நைனாவுக்கு ஏர் ஓட்டும்போது கால் சுளுக்கினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சுடச்சுடப் பற்றுப் போடுவேன். அம்மை கண்ட வீட்டுக்கு வேப்பிலையும் மஞ்சளும் நம் வீட்டிலிருந்துதான் போகும்.

சமையலில் அதன் கதை வேறு. நீ சின்ன வயதிலிருந்தே அடுப்பங்கரையில் என் பக்கத்தில் நிற்கிறவன் என்பதால் உனக்கு இதெல்லாம் தெரியும். என்றாலும் தனிக்குடித்தனம் போகிறவனுக்கு ஒருமுறை சொல்லிவைக்கிறேன். பருப்பு வேகும்போதே மஞ்சளைப் போட்டுவிட வேண்டும். கூடவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பருப்பு பொங்காது, மஞ்சளும் நன்றாக இறங்கும். மீனைக் கழுவியதும் உப்பும் மஞ்சளும் பிசறிக் கொஞ்ச நேரம் வைத்தால்தான் கவிச்சை போகும். குழம்பு இறக்கும்போது மேலாகத் தூவினால் பச்சை வாடை அடிக்கும், காய்ந்த எண்ணெயில் தனியாகப் போட்டால் கருகிக் கசக்கும். காய் வதங்கத் தொடங்கும்போது போடுவதுதான் கணக்கு. அதிலும் ஒரு சிட்டிகை. கூடுதலாகப் போட்டால் சோறு மருந்து மாதிரி ஆகிவிடும். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பத்தியக் குழம்பில் மட்டும் பூண்டும் மிளகும் மஞ்சளும் தாராளமாகச் சேர்ப்போம். புண் ஆறவேண்டிய உடம்பு, பால் ஊறவேண்டிய உடம்பு என்பதால் அப்படி.

கிணற்றடியில் நான் போட்டிருந்த மஞ்சள் பாத்திகளை நீ மறந்திருக்க மாட்டாய். வைகாசியில் நட்டு, தை மாசிக்கு வெட்டி, பெரிய அண்டாவில் அவித்து, களத்தில் காயப்போடுவேன். நன்றாகக் காய்ந்த விரலியை உடைத்தால் சட்டென்று முறியும், உள்ளே நல்ல காவி நிறம் தெரியும். அதை இடித்துச் சலித்து வைத்தால் வீடே மணக்கும். நம் ஊரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து முதலில் நம் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பிடி, பெற்றவளுக்குக் குழம்பு வைக்க ஒரு பிடி என்று கொடுத்தனுப்புவேன். அதை நான் விற்றதில்லை. என்னிடம் வாங்கிய மஞ்சள் என்றால் பெண்கள் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அப்படி ஒரு நம்பிக்கை. எனக்கென்று ஊரில் இருந்த பேர் அது ஒன்றுதான்.

உன் மாமனைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் அம்மா செத்தபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. என்னோடு வந்து, நம் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் வளர்ந்தான். உத்திரமேரூர் பஜாரில் கரண்ட் வந்ததும் மாவு மில் வைத்தான். ஆரம்பத்தில் கூலிக்கு அரைத்துக் கொடுத்தான், மிளகாயும் மல்லியும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஜனம் வந்தது. நல்ல பிழைப்பு. எனக்கு அப்போது எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். பஸ்ஸில் போகிறவர்களிடம்கூட அந்த மில்லைக் காட்டி, என் தம்பிது என்பேன். பிறகு அவனே மஞ்சள் வாங்கி அரைத்துப் பொட்டலம் போட்டு விற்கலாம் என்று ஆரம்பித்தான். ஒரு நாள் மத்தியானம் பொட்டலங்களைப் பையில் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, கடைக்காரனுங்க எல்லாம் புது சரக்குன்னு யோசிக்கிறானுங்க. உன் மஞ்சத்தூளுன்னா சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும். நீ நாலு வூட்ல ஒரு வார்த்த சொன்னா போதும், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான்.

"நல்லா கீதா?" என்று கேட்டேன்.

"உன் கிட்ட கெட்டத குடுப்பனாக்கா?" என்றான்.

அவன் முதலில் கொண்டுவந்தது நல்ல பொடிதான். பிரித்து முகர்ந்து பார்த்தேன், குழம்பில் போட்டும் பார்த்தேன். அதன் பிறகுதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். தம்பி அரைக்கிறது, என் கையால் இடித்த மாதிரியே இருக்கிறது, வாங்குங்கள் என்றேன். நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காகவே வாங்கினார்கள். அடுத்த வருஷம் எனக்கு மணிக்கட்டில் வலி கண்டு உலக்கை பிடிக்க முடியாமல் போனது. நீ எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மாமனிடமே வேலைக்குச் சேர்ந்திருந்தாய். நான் வலியோடு உலக்கையைப் பிடித்ததைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கும்மா இடிச்சிக்கினு கீற? மில்லுலேர்ந்து நான் கொணாறேன்" என்றாய். மகன் என் கையைப் பார்த்து இரக்கப்படுகிறான் என்று எனக்குக் கண் கலங்கியது. கிணற்றடிப் பாத்தியில் அந்த வருஷம் கத்திரிக்காய் போட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் பொடி மாறியது. நிறம் கண்ணைப் பறித்தது, வாசனைதான் இல்லை. பருப்பில் போட்டால் மேலே ஒரு மஞ்சள் தண்ணீர் தனியாக மிதந்தது. உன்னிடம் கேட்டேன். "இதுல வாசனையே இல்லியேடா" என்றேன். நீ சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, "மிஷின்ல சூடு ஏறுதும்மா, அதுல வாசன பூடும். கொணம் போவாது" என்றாய். நான் அதை அப்படியே நம்பினேன். பெண்கள் என்னிடம் வாசனை இல்லையே என்று கேட்டபோதெல்லாம், மெஷின் சூட்டில் வாசனை போய்விடும், குணம் போகாது என்று நீ சொன்னதையே நானும் சொன்னேன். என் பக்கத்திலிருந்து அந்த வார்த்தை எத்தனை வீட்டுக்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பார். நான் பொய் சொன்னதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் உன் பொய்க்கு என் வாய் தேவைப்பட்டிருக்கிறது.

அந்த நாட்களில் சனிக்கிழமை தோறும் நீ காஞ்சிபுரம் போய்வருவாய். மில் பெல்ட்டு வாங்கப் போனேன் என்பாய், சாக்கு வாங்கப் போனேன் என்பாய். உன் சட்டைக் கையில் மஞ்சள் கறை இருக்கும். மஞ்சள் கறை என்றால் துவைத்து ஒரு நாள் வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், எந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது இது. உன் சட்டையில் இருந்தது வெளுக்கவில்லை. எத்தனை முறை தேய்த்தாலும், எத்தனை வெயிலில் காய்ந்தாலும் அப்படியே இருந்தது. துணி புதுசு, கறை பிடித்துக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உவர்மண் போட்டு மறுபடி தேய்த்தேன். அப்போதுதான் நீ வீட்டில் சாப்பிடுவதும் குறைந்தது. சோறு போட்டால், மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டேன், பசியில்லை என்பாய். மோர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவாய். சரோஜா மேல் பிள்ளைக்கு ஆசை, அதனால்தான் அங்கேயே சாப்பிடுகிறான் என்று நானும் உன் நைனாவும் சிரித்துக்கொண்டோம். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டபடி சிரித்தோம்.

பக்கத்து வீட்டுப் பட்டம்மாவின் மகள் கன்னியம்மா தலைப்பிரசவத்துக்கு வந்தது அப்போதுதான். பிள்ளை நன்றாகப் பிறந்தது. பத்தியக் குழம்புக்கு என்ன பொடி போடட்டும் என்று பட்டம்மா என்னிடம் கேட்டாள். நம் வீட்டிலிருந்த பொட்டலத்தையே எடுத்துக் கொடுத்தேன். தாராளமாகப் போடு, புண் ஆறும் என்று சொன்னேன். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணுக்கு வயிற்றைப் பிடித்து இழுக்கிற வலி வந்தது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை, பாலும் வற்றிப்போனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பஸ்ஸில் தூக்கி ஏற்றியது நீதான். அவள் தலையை உன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனாய், ஊரே உன்னைப் புகழ்ந்தது. நல்லவேளையாக அவள் பிழைத்து வந்தாள். அந்தப் பொடியால்தான் அப்படி ஆனது என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் இன்றைக்கு வரை அதை நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதுதான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, பிள்ளைத்தாச்சியாக உன் அக்கா மல்லிகா நம் வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே நீ ஒரு துணி மூட்டையில் விரலி மஞ்சள் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய்.

"அக்காவுக்கு மட்டும் இத்த இடிச்சிப் போடும்மா" என்றாய்.

"ஏன்டா, பொடிதான் கீதே" என்றேன்.

"புள்ளத்தாச்சிக்கு வூட்ல இடிச்சதுதான் நல்லது" என்றாய்.

கூடப்பிறந்தவள் மேல் இவ்வளவு பாசமா என்று பூரித்துப்போனேன். மல்லிகாவிடம் சொன்னேன், அவளும் அழுதாள்.

மல்லிகாவுக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. தாயையும் பிள்ளையையும் வண்டியில் கூட்டிவந்த அன்றைக்குக் காலையில் ஆரத்தி கரைக்கத் தட்டை எடுத்தேன். மூட்டையில் இருந்த மஞ்சள் அவள் சாப்பாட்டுக்கு என்று நீ சொல்லியிருந்ததால், ஆரத்திக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். பொடியைத் தண்ணீரில் கரைத்துச் சுண்ணாம்பு போட்டேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் தண்ணீர் குங்குமம் மாதிரி சிவக்க வேண்டும். அது சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டேன், பழுத்த இலையின் நிறத்துக்கு வந்து அதோடு நின்றுவிட்டது. வாசலில் பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பட்டம்மா எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, செவக்கவே காணோம்" என்றாள். சுண்ணாம்பு காய்ந்துவிட்டது போல என்றேன். அவள் வீட்டுக்குப் போய்ப் புதுச் சுண்ணாம்பு கொண்டுவந்தாள். அதைப் போட்டும் சிவக்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கிய மல்லிகா பிள்ளையோடு வெயிலில் நின்றாள். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளைக்கு ஆகாது என்று அவர்கள் நினைப்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. நான் உள்ளே ஓடி, நீ கொடுத்த மூட்டையிலிருந்து ஒரு விரலியை எடுத்துக் கல்லில் இழைத்து, அதே சுண்ணாம்பைத் தொட்டுப் போட்டேன். கல் மேலேயே சிவந்தது.

ஆரத்தி சுற்றி முடித்தேன். பிள்ளையை உள்ளே படுக்கவைத்தேன். பட்டம்மா மட்டும் போகாமல் நின்றாள். அந்தப் பொட்டலத்தையும் அந்தத் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கன்னியம்மாவுக்கு நான் கொடுத்தது எந்தப் பொட்டலம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அன்றைக்கு வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் மல்லிகாவை உன் நைனா பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, உன்னிடம் கேட்டால் நீ ஏதாவது நல்ல காரணம் சொல்லுவாய் என்ற நம்பிக்கையோடுதான் பஸ் ஏறினேன். உன் மாமனைத்தான் சந்தேகப்பட்டேன். கடையில் யாரோ அவனை ஏமாற்றி மட்டமான மஞ்சளைத் தலையில் கட்டியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். உன்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

மில்லுக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குள் நுழைந்ததும் உரல் சத்தம் கேட்டது. கொல்லையில் சரோஜா மஞ்சள் இடித்துக்கொண்டிருந்தாள். வாசனை என் முகத்தில் அடித்தது. நீ உள்ளே சாப்பிட உட்கார்ந்திருந்தாய், முதுகு மட்டும் தெரிந்தது.

"இன்னாடி இது, மில்லு வெச்சிக்கினு கையால இடிச்சிக்கினு கீற?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அய்ய, மில்லுத் தூள நாங்க தொடறதே இல்ல அத்தே. அதுல சாயம் கீதுன்னு அப்பா வோணாம்னுட்டாரு. மாமாவும் இங்க இத்தத்தான் சாப்புடுது." உள்ளே உன் பக்கம் கை காட்டிச் சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். உலக்கையை அப்படியே நிறுத்திவிட்டாள். அவளுக்கு நாங்கள் எந்தப் பொடியைச் சாப்பிடுகிறோம் என்பதே தெரியாது.

சத்தம் கேட்டு உன் மாமன் மில்லிலிருந்து வந்தான். "ஒக்காருக்கா, பொறுமையா கேளு. எல்லா மில்லுலயும் இப்ப இதான். நொய்ய அரைச்சி அதுல கொஞ்சம் மஞ்சள், நெறத்துக்கு ஒரு சிட்டிக சாயம். இன்னா, சாவற அளவுக்கா போடறோம்?" என்றான்.

"அப்ப உன் வூட்டு கொழம்புல ஏன் போடல?" என்று கேட்டேன்.

"உனுக்கு யாவாரம் தெரியாது. சும்மா பேஜார் பண்ணாத" என்று சொல்லிவிட்டு மறுபடி மில்லுக்குள் போய்விட்டான். நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை அவன். ஆனால் அவன் முதுகைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. நீ கை கழுவிவிட்டு வந்து தூணோரம் நின்றாய்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நான்தாம்மா காஞ்சிபுரத்துலேர்ந்து சாயம் வாங்கியாறேன்" என்றாய். பட்டுநூலுக்குப் போடுகிற சாயம்.

"வாசன இல்லன்னு கேட்டேனே. மிஷினு சூடுன்னியே."

"மாமாதான் அப்டி சொல்லச் சொன்னாரு."

"அக்காவுக்கு மட்டும் கெழங்கு கொணாந்து குடுத்தியே, அது?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். "கன்னியம்மாவப் பாத்ததும் பயந்துட்டேம்மா. அக்கா புள்ளத்தாச்சி. நீயும் நைனாவும் பெரியவங்க, ஒடம்பு தாங்கும்னு நெனச்சேன்" என்றாய்.

எப்படி பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை. திருப்புலிவனம் தாண்டும்போதுதான் அழுகை வந்தது, பக்கத்தில் இருந்தவர்கள் யார் செத்தது என்று கேட்டார்கள். இத்தனை மாதம் கழித்தும் நான் உன் அந்தப் பதிலைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பணத்தாசையில் செய்தாய் என்றால் எனக்குப் புரியும். மாமனுக்குப் பயந்து செய்தாய் என்றாலும் புரியும். ஆனால் தோளில் ஒரு பெண்ணைத் தாங்கிக்கொண்டு செங்கல்பட்டு வரை போனவன் நீ. அவள் படுகிற பாட்டைப் பார்த்து உனக்குப் பயம் வந்தது. அந்தப் பயத்தில் நீ மில்லை நிறுத்தச் சொல்லவில்லை, பட்டம்மாவிடம் அந்தப் பொட்டலத்தைக் கொட்டிவிடு என்று காதோடு காதாகக்கூடச் சொல்லவில்லை. உன் அக்காவுக்கு ஒரு மூட்டை கட்டினாய், அவ்வளவுதான். உன்னைக் கல்மனசுக்காரன் என்று சொல்லிவிட்டு நான் நிம்மதியாக இருக்க முடியாதபடி செய்துவிட்டாய். உனக்கு இரக்கம் இருக்கிறது. அதை யார் யாருக்குக் கொடுப்பது என்று பிரித்து வைத்திருக்கிறாய். நாங்களே அந்தப் பிரிவில் உள்ளே வரவில்லை என்றால் ஊரார் எப்படி வருவார்கள்?

திரும்பி வந்த மறுநாளே, நான் வாங்கச் சொன்ன ஒவ்வொரு வீட்டுக்கும் போனேன். பொடியில் சாயம் இருக்கிறது, இனி வாங்காதீர்கள், இருப்பதைக் கொட்டிவிடுங்கள் என்றேன். என் தம்பியும் என் மகனும் செய்தது என்றும் சொன்னேன். சில பேர் திட்டினார்கள். சில பேர், பரவாயில்லை, உனக்கும் தெரியாதுதானே என்று சொன்னார்கள், ஆனால் அவர்கள் கண் அப்படிச் சொல்லவில்லை. பட்டம்மா வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "நான் அந்தப் பொட்டலத்த நம்பி வாங்கலக்கா. உன் வாய நம்பி வாங்கனேன்" என்றாள். அதன் பிறகு கிணற்றடியில் மறுபடி மஞ்சள் போட்டேன், வலியோடு நானே இடித்தேன். நம் ஊரில் அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகள் பிறந்துவிட்டன. ஒரு பிடி மஞ்சள் கேட்டு யாரும் வரவில்லை. நானாகக் கொண்டுபோனாலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், அடுப்பங்கரைக்குள் அது போவதில்லை. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு வருவதில்லை இப்போது.

மில் இன்னும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். நம் பக்கத்தில் வாங்குவதில்லை என்றதும் பொட்டலங்கள் செங்கல்பட்டுப் பக்கம் போகின்றனவாம். அங்கே உன்னை யாருக்கும் தெரியாது, எங்களையும் தெரியாது. அங்கேயும் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பத்தியக் குழம்பு வைப்பார்கள். மாமன் கையை விட்டு வந்துவிடு என்று நான் சொல்லவில்லை. அரைக்கிற தொழிலில் கேவலம் எதுவும் இல்லை. மஞ்சளை அரை. மெதுவாக ஓட்டினால் சூடு ஏறாது, வாசனையும் போகாது. அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சரோஜாவின் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டான் என்றால் அவனிடம் எப்படிப் பேசுவது என்று நீதான் யோசிக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ளும் வயது வந்துவிட்டதல்லவா.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த வீட்டில் எனக்கு உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அவள் நன்றாக இருக்கவேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்காருவேன். ஆனால் நலங்கு வைக்க என்னைக் கேட்காதே. உன் கன்னத்தில் மஞ்சள் பூசும்போது, இது மஞ்சளா சாயமா என்று நானே சந்தேகப்படுகிற நிலைமையில் என்னை நிறுத்தியிருக்கிறாய். உன் அத்தையோ சித்தியோ யாராவது வைக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பந்தியில் உட்காருகிறவர்கள் யாராவது என்னிடம், குழம்புக்கு எந்தப் பொடி போட்டிருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததை உரக்கச் சொல்லுவேன். மாமனுக்குச் சங்கடம், உறவுக்காரர்களுக்குச் சங்கடம் என்று யாரும் என் வாயை மூட வேண்டாம். ஒருமுறை என் வாயை நீங்கள் எடுத்துக்கொண்டது போதும்.

இதையெல்லாம் படித்த பிறகும் என்னைக் கூப்பிட மனசிருந்தால், ஆள் அனுப்பாதே, நீயே வந்து கூப்பிடு. நம் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் பட்டம்மா வீட்டுக்குப் போ. கன்னியம்மா பிள்ளையோடு இப்போது அங்கேதான் இருக்கிறாள். நீ அவர்களிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று நான் கேட்கப் போவதில்லை. நீ சொன்னதாக வந்து என்னிடம் சொல்லவும் வேண்டாம், நீ சொல்வதை அப்படியே நம்புகிற பழக்கம் எனக்குப் போய்விட்டது. பட்டம்மா வந்து சொல்லட்டும். அவள் சொன்னால் நம்புவேன்.

உன் அம்மா